தேதி சொன்னாதான் ரட்சிப்பா?

நவரைக்கு நாத்தங்கால் விடறதைப் பத்தி எழுதறேன்னு போன பதிவுல சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இந்த வாரம் மனசுல வேற ஒண்ணு ஓடிட்டிருக்கு, அதை இறக்கி வெக்காம வரப்பு வெட்டக்கூட கை ஓடல.

திருவள்ளூர் ஸ்டேஷன்ல இறங்கி மணவாள நகர் பக்கம் வந்து, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டைப் புடிச்சா, எத்தனை சுவத்துல, எத்தனை பேனர்ல அந்தக் கேள்வி இருக்குன்னு எண்ணிப் பாருங்க. "நீ ரட்சிக்கப்பட்டாயா?" கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கற பசங்க அதைப் படிச்சிட்டே நிப்பாங்க. நான் சி.எஸ்.ஐ. குடும்பம். எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இக்காடு மிஷன்ல சேர்ந்தவங்க. அதனால இந்தக் கேள்வியை வெளியாள் மாதிரி பார்த்துட்டுப் போக எனக்கு முடியாது. அந்த உபதேசம் சரி, அதை வெச்சி இப்ப வீடு வீடா நடத்தற பரீட்சை தப்புங்கறது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதல்ல உபதேசம் என்னன்னு பார்ப்போம், தெரியாதவங்களுக்காக. மனுஷன் தன் நல்ல காரியத்தால கடவுள்கிட்ட நீதிமான்னு பேர் வாங்க முடியாது. அது கிருபையா, இனாமா வருது. அதை வாங்கிக்கற கைதான் விசுவாசம். விசுவாசம் மட்டுமே. பவுல் ரோமருக்கும் எபேசியருக்கும் எழுதின நிருபங்கள்ல இதைத்தான் பிடிச்சிக்கிட்டு நிக்கறார். ஜெர்மனியில 1517-ல கிளம்பின மார்ட்டின் லூதர், 1522-ல புதிய ஏற்பாட்டைத் தன் மொழியில போட்டப்ப, ரோமர் மூணாம் அதிகாரத்துல மூலத்துல இல்லாத "மட்டுமே"ங்கற சொல்லைச் சேர்த்துட்டார். கேட்டவங்ககிட்ட, அர்த்தம் அதுதான், ஜெர்மன்ல அப்படித்தான் சொல்லணும்னு சண்டைக்கே நின்னார். அந்த ஒரு சொல்லுக்காக ஐரோப்பா பிளந்துச்சு. 1547-ல திரெந்து சங்கத்துல கத்தோலிக்க சபை அதை மறுத்து முடிவெடுத்தது. 1706 ஜூலையில தரங்கம்பாடியில இறங்கின சீகன்பால்கு மூட்டை கட்டிக் கொண்டுவந்ததும் இதே லூதர் சரக்குதான்.

ஒரு கூட்டத்துல பேசினவர் இதை இன்சூரன்ஸ் மாதிரின்னு சொன்னார். எனக்கு ஒப்பல. இன்சூரன்ஸுக்கு பிரீமியம் கட்டணும். கட்டின பிறகும் வருமா வராதான்னு பயிர்க்காப்பீடு கட்டின எல்லா விவசாயிக்கும் தெரியும். பட்டா மாதிரின்னு சொன்னா எனக்குப் புரியுது. தாத்தா எழுதி வெச்ச நிலம். நான் உழுததால அது எனக்கு வரல. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எழுதியாச்சு. என் பேருக்கு மாத்தி வாங்கிக்கிட்டேன், அவ்வளவுதான்.

இதைக் கேட்டதும் டீக்கடையில ஒருத்தர் கேட்பார் பாருங்க, எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அதே கேள்விதான்: "அப்ப ஊரை அடிச்சு உலையில போட்டவன் கடைசி நிமிஷம் நம்பினா சொர்க்கம், ஊருக்கே சோறு போட்டவன் நம்பலைன்னா நரகமா? என்ன நியாயம்பா இது?" நியாயமான கேள்வி. சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளன் கதையைச் சொல்லி முதல் பாதிக்கு பதில் சொல்லிடலாம். கடைசி மணிக்கு வந்த கூலிக்கும் முழுக் கூலி கொடுத்த எஜமான் கதை இருக்கு, நடவுக்கு ஆள் வெச்சிப் பார்த்தவனுக்கு அது நல்லாவே புரியும், காலையிலேர்ந்து குனிஞ்சவங்களுக்கு எரிச்சல் வரும்தான். ரெண்டாம் பாதிக்கு, அந்த ஊருக்கு சோறு போட்டவருக்கு தீர்ப்பு எழுத வேண்டிய பேனா என் கையில இல்லைன்னுதான் சொல்வேன். அதை வாங்கி எழுதறவங்களைப் பார்த்தா எனக்கு பயமா இருக்கு.

பைபிளுக்குள்ளயே இந்தச் சண்டை இருக்கு. "விசுவாசம் மட்டும்"ங்கற ரெண்டு சொல்லும் சேர்ந்து வர்ற ஒரே இடம் யாக்கோபு நிருபம் ரெண்டாம் அதிகாரம். அங்க அது "மட்டும் போதாது"ன்னு வருது! லூதருக்கு யாக்கோபைப் பிடிக்கல, வைக்கோல் நிருபம்னு சொல்லிட்டார். வைக்கோலை அவ்வளவு கேவலமா பேசினவர் மாடு வெச்சிருக்கல போல. யாக்கோபு கேக்கறது எளிமையான விஷயம். துணியில்லாம, அன்னன்னிக்கு சாப்பாடு இல்லாம நிக்கறவன்கிட்ட, போய் வாப்பா, சூடா இரு, வயிறார சாப்பிடுன்னு வாயால சொல்லி அனுப்பினா அது என்ன விசுவாசம்? பட்டா கையில இருக்கு, நிலம் கருவேல முள்ளா கிடக்கு. நிலம் உன்னுதுதான். ஆனா உன் வீட்டுல அரிசி இல்லையே.

இதுல கிறிஸ்தவங்க மட்டும் மண்டையை உடைச்சிக்கல. தை அமாவாசைக்கு வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு வர்ற கூட்டத்தை நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோயில் அகோபில மடத்து நிர்வாகம், வடகலை. தெற்கே ராமானுஜர் பொறந்த ஸ்ரீபெரும்புதூர் தென்கலை. நாமத்துல பாதம் இருக்கா இல்லையான்னு மட்டும் பார்த்துட்டு நாம சிரிக்கறோம், உள்ள இருக்கிற வழக்கு இதே வழக்குதான். குட்டிக்குரங்கு தாயோட வயித்தைத் தானா இறுக்கிப் பிடிச்சிக்கணும். பூனைக்குட்டி சும்மா கிடந்தாப் போதும், தாய் வாயில கவ்விட்டுப் போகும். தேசிகர் வழி வந்த வடகலைக்காரங்க குரங்குக்குட்டி கட்சி, பிள்ளை லோகாசாரியார், மணவாள மாமுனிகள் வழி வந்த தென்கலைக்காரங்க பூனைக்குட்டி கட்சின்னு சொல்வாங்க. சரணாகதிக்கு நம்ம பக்கமிருந்து ஒரு பிடி வேணுமா, வேண்டாமா? ருடால்ஃப் ஓட்டோங்கற ஜெர்மன் பேராசிரியர் 1930-ல இதைப் பத்தி ஒரு புத்தகமே போட்டார், கிருபைங்கற விஷயத்துல கிறிஸ்தவத்துக்கு இந்தியாவுல சரிசமமா பேசக்கூடிய ஆள் இந்த ஸ்ரீவைஷ்ணவம்தான்னு. இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல நாங்க உழுதுட்டிருக்கோம். எங்க ஊர் பேருல இருக்கிற மணவாளன் பெருமாள். தமிழ் பைபிள்ல மணவாளன் கிறிஸ்து. எனக்கு அது ஒரு சந்தோஷம்.

சரி, இப்ப பரீட்சைக்கு வர்றேன். எங்க பெரிம்மா. அம்மாவோட கூடப்பொறந்த அக்கா. எண்பது தாண்டியாச்சு. வாழ்க்கையில பாதி நடவுல, பாதி செங்கல் சூளையில. முழங்கால் போய் இப்ப கட்டிலோட இருக்கு. குழந்தையா ஞானஸ்நானம், பதினஞ்சு வயசுல திடப்படுத்தல், அப்புறம் ஞாயித்துக்கிழமை கோயில் தவறினது பிரசவத்துக்கு மட்டும்தான். சில மாசம் முன்னாடி ஒரு ஜெபக்குழு வந்தாங்க. எந்த சபைன்னு எழுத மாட்டேன், நல்ல மனசோடதான் வந்தாங்க, ஆரஞ்சுப்பழம்கூட வாங்கிட்டு வந்தாங்க. அதுல ஒரு தம்பி கேட்டுது: "அம்மா, நீங்க எந்த வருஷம், எந்த தேதி ரட்சிக்கப்பட்டீங்க?" பெரிம்மாவுக்கு பதில் தெரியல. "சின்னதிலேர்ந்தே இயேசப்பாதான் தம்பி"ன்னுச்சு. "அப்படி இல்லம்மா, மறுபிறப்பு நடந்த நாள் தெரியாதவங்களுக்கு அது நடக்கவே இல்லைன்னு அர்த்தம். இன்னும் நேரம் இருக்கு"ன்னு சொல்லிட்டு ஜெபம் பண்ணிட்டுப் போயிடுச்சு.

அன்னிலேர்ந்து பெரிம்மா தூங்கல. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிட்டு கூப்பிடும். "டேய் கண்ணு, நான் அங்க போய் நின்னா, யார்ரா நீன்னு கேட்டுட்டா?"

நான் கேட்டேன், "பெரிம்மா, நீ பொறந்த தேதி தெரியுமா உனக்கு?"

"எனக்கு எங்கடா தெரியும். பெரிய மழை பேஞ்ச வருஷம்னு ஆயா சொல்லும்."

"அப்ப நீ பொறக்கவே இல்லையா?"

சிரிச்சிது. நல்லா சிரிச்சிது. ஆனா மறுநாள் ராத்திரியும் அதே கேள்வி. ஒரு சிரிப்புல போற முள்ளு இல்ல அது.

இதுல எனக்கு கோவம் வர்ற இடம் எதுன்னா, இந்த "நிச்சயம்"ங்கற உபதேசமே பயந்தவங்களைத் தூங்க வெக்கறதுக்காக வந்தது. லூதர் மடத்துல இருந்தப்ப மணிக்கணக்கா பாவம் அறிக்கை பண்ணி, அப்பவும் ஏதாவது விட்டுட்டேனோன்னு நடுங்கினவர். அந்த நடுக்கத்துக்குத்தான் மருந்து, "உன் கணக்கைப் பார்க்காதே, கிறிஸ்துவைப் பார்". அந்த மருந்தையே எடுத்து எண்பது வயசு கிழவிக்கு விஷமா ஊத்திட்டு வர்றாங்க. கிரியையால ரட்சிப்பு இல்லைன்னு சொல்லிட்டு, தேதியை ஞாபகம் வெக்கறதை ஒரு கிரியையா ஆக்கிட்டாங்க. உன் விசுவாசம் போதுமான விசுவாசமா, மனசார நம்பினியா, கண்ணீர் வந்துச்சான்னு கேட்டுட்டே போனா, கிறிஸ்துமேல இருக்க வேண்டிய கண்ணு திரும்பி நம்ம நெஞ்சையே நோண்ட ஆரம்பிச்சிடும். லூதருக்கே சந்தேகம் வந்தப்ப அவர் தன் உணர்ச்சியைத் தேடல, நான் ஞானஸ்நானம் வாங்கினவன்னு அந்த வெளியில நடந்த காரியத்தைத்தான் பிடிச்சிக்கிட்டார். கூவத்துல தண்ணி வர்றப்ப பாருங்க. பயந்து பயந்து மேம்பாலத்துல போறவனும் அக்கரைக்குப் போயிடறான். தைரியமா முங்கின தரைப்பாலத்துல வண்டியை விடறவன் அடிச்சிட்டுப் போறான். நடுங்கறியா இல்லையாங்கறது இல்ல விஷயம், எது மேல நிக்கறேங்கறது.

இன்னொண்ணு. எங்க சபை வந்த வழி வெஸ்லியன் மெதடிஸ்ட். அந்த ஜான் வெஸ்லிதான் இந்த நிச்சயத்தை இங்கிலாந்து முழுக்க குதிரையில போய்ப் பிரசங்கம் பண்ணவர். அவர்கிட்ட தேதி இருந்துச்சு: 1738 மே 24. லண்டன்ல ஆல்டர்ஸ்கேட் தெருவுல ஒரு சின்னக் கூட்டம், ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதின முன்னுரையை யாரோ படிக்கறாங்க, இவருக்கு நெஞ்சுக்குள்ள ஒரு சூடு, என் பாவம்கூட போச்சுன்னு. இப்பவும் மெதடிஸ்ட் சபைகள்ல அந்த நாளை நினைவுகூருவாங்க. ஆரம்பத்துல வெஸ்லியும் அந்தத் தம்பி மாதிரிதான் பேசினார், அந்த நிச்சயம் இல்லாதவன் கிறிஸ்தவனே இல்லைங்கற மாதிரி. ஆனா 1768-ல ஒரு கடிதத்துல, அந்த உணர்வு இருந்தாத்தான் ரட்சிப்புன்னு தான் ரொம்ப வருஷமாவே நினைக்கலைன்னு எழுதிட்டார். முப்பது வருஷம் ஜனங்களைப் பார்த்த பிறகு வந்த நிதானம் அது. ஜெபக்குழுத் தம்பிக்கு முதல் பாதி வெஸ்லி மட்டும்தான் கிடைச்சிருக்கார்.

ஒருதரம் ரட்சிக்கப்பட்டா போகவே போகாதுன்னு சொல்ற கால்வின் வழிக்காரங்களும்கூட இதுல தெளிவா இருந்தாங்க. 1640-கள்ல வெஸ்ட்மின்ஸ்டர்ல அவங்க எழுதின விசுவாச அறிக்கையில, உண்மையான விசுவாசிக்கே அந்த நிச்சயம் வர ரொம்ப நாள் ஆகலாம், பாடுபட வேண்டி வரலாம்னு இருக்கு. வில்லியம் கூப்பர்னு ஒரு கவிஞர், அமேசிங் கிரேஸ் எழுதின ஜான் நியூட்டனோட சிநேகிதர். அவர் எழுதின பாட்டுகளை உலகம் முழுக்க சபைகள்ல பாடறாங்க. அந்த மனுஷன் தன்னைக் கடவுள் தள்ளிட்டார்னு நம்பிக்கிட்டே பல வருஷம் வாழ்ந்து, 1800-ல அப்படியே செத்தார். மனநோய். அவரை யாராவது ரட்சிக்கப்படாதவர்னு சொல்வாங்களா? வயசானவங்களுக்கு, படுக்கையில இருக்கறவங்களுக்கு, மனசு சோர்ந்தவங்களுக்கு இந்தக் கேள்வியை எடுத்துட்டுப் போறவங்க ஒரு நிமிஷம் கூப்பரை நினைச்சிப் பாருங்க.

பெரிம்மா சூளையில இருந்தப்ப, ஒடிசாவுலேர்ந்து வந்த குடும்பங்களோட குழந்தைங்க மண்ணுலயே கிடக்கும். அதுங்களுக்குத் தன் தூக்குச்சட்டியிலேர்ந்து தினம் ஊட்டிவிடும். பாஷை தெரியாது, "தின்னு தின்னு"ன்னு மட்டும் சொல்லும். அதுல ஒரு குழந்தைக்கு காய்ச்சல் வந்தப்ப தோள்ல போட்டுக்கிட்டு இக்காடு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போச்சு. இதை நான் ஞாபகப்படுத்தினா, "அதெல்லாம் ஒரு பெரிய விஷயமாடா"ங்குது. மத்தேயு 25-ல முதல்ல மணவாளனுக்குக் காத்திருந்த பத்து பொண்ணுங்க கதை, கடைசியில செம்மறியாடு வெள்ளாடு கதை. வலதுபக்கம் நின்னவங்களுக்கு தாங்க எதுவும் செஞ்சதா ஞாபகமே இல்ல. எப்ப உமக்கு சோறு போட்டோம்னு கேக்கறாங்க. தேதி கேட்டிருந்தா அத்தனை பேரும் ஃபெயில்.

கிரியை வேண்டாம்னு சொன்ன உபதேசத்துலேர்ந்து எப்படி கிரியை வரும்னு கேட்டா, அதுக்கும் நம்ம ஊர்லயே ஆள் இருக்கார். திருவள்ளூர்ல கௌடி மேல்நிலைப்பள்ளியில படிச்ச எத்தனை பேருக்கு அந்த கௌடி யாருன்னு தெரியும்? வில்லியம் கௌடி, ஸ்காட்லாந்து பக்கத்து ஷெட்லாண்ட் தீவுக்காரர், வெஸ்லியன் மிஷனரி. 1880-கள்ல வந்தார். அப்ப திருவள்ளூர் செங்கல்பட்டு ஜில்லா. இங்க பறையர் ஜனங்க குடியிருந்த மனைகூட பெரும்பாலும் மிராசுதார் கையில. எதிர்த்துப் பேசினா வீட்டை விட்டே கிளப்பலாம். தரிசு நிலம் கேட்டு மனு போட்டாலும், மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை, அவர் எனக்கு வேணும்னு சொன்னா போச்சு. கௌடியும், செங்கல்பட்டுல இருந்த ஆடம் ஆண்ட்ரூவும் இதை விடாம சர்க்கார் காதுல போட்டவங்க. 1891-ல ஜில்லா கலெக்டர் பொறுப்புல இருந்த ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதினார், குடியிருக்கிற மனை அவங்களுக்கே சொந்தமாகணும், நிலம் கொடுக்கணும், பள்ளிக்கூடம் வேணும்னு. 1892 செப்டம்பர்ல அரசாணை வந்துச்சு. பஞ்சமி நிலம்னு இன்னிக்கு நாம சொல்றது அங்கேர்ந்து தொடங்கினது. குறிப்பிட்ட வருஷத்துக்கு விக்கக்கூடாது, அதுக்கப்புறமும் அந்த ஜனங்களுக்குள்ளேயேதான் விக்கலாம்னு நிபந்தனை. மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர்னு சொல்றது வழக்கம். அதுல பெரும்பகுதி இன்னிக்கு யார் கையில இருக்குன்னு உங்களுக்கே தெரியும். 1994 அக்டோபர்ல அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்துல செங்கல்பட்டுல துப்பாக்கிச்சூடு நடந்து செத்தவங்க ரெண்டு பேர், ஜான் தாமஸ், ஏழுமலை.

கௌடி வெஸ்லியோட ஆள். ரட்சிப்பு கிரியையால இல்லைன்னு ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணிட்டு, திங்கக்கிழமை நிலத்துக்கு மனு எழுதினவர். தன் ஆத்துமா என்னாகுமோங்கற கவலை முடிஞ்சவனுக்கு கை சும்மா இருக்குமில்ல, அது அடுத்தவன் காரியத்துக்கு நீளும். எனக்கு இதுல முரண்பாடே தெரியல. முரண்பாடு இப்பதான் தெரியுது. எங்க பக்கத்துல பிளாட் போட்டுக்கிட்டே வர்றாங்க. அ-பதிவேட்டுல பழைய நிபந்தனைப் பட்டான்னு இருந்த சர்வே நம்பர்ல எல்லாம் கல்லு நட்டாச்சு. நிச்சயத்தைப் பத்தி ராத்திரி பத்து மணி வரைக்கும் மைக்குல பேசறவங்க ஒருத்தராவது அதைப் பத்தி பேசி நான் கேட்டதில்ல. எங்க சி.எஸ்.ஐ.யையும் சேர்த்துத்தான் சொல்றேன். 1947-ல ஒண்ணா சேர்ந்தோம், கட்டடம் பெரிசாச்சு. உபதேசச் சண்டைகூட மேல்மட்டத்துல பெரும்பாலும் தீர்ந்துபோச்சு. 1999 அக்டோபர் 31-ல ஆக்ஸ்பர்க்ல லூத்தரன்காரங்களும் கத்தோலிக்கரும் கிருபை விஷயத்துல கூட்டு அறிக்கையில கையெழுத்துப் போட்டாங்க. 2006-ல மெதடிஸ்ட்களும் சேர்ந்துக்கிட்டாங்க. நானூறு அம்பது வருஷ வழக்கு. இங்க மணவாள நகர் சுவத்துல மட்டும் அது இன்னும் வாய்தாவுல இருக்கு.

போன வாரம் ஆயர் வந்து பெரிம்மாவுக்குத் திருவிருந்து கொடுத்தார். தேதி கேக்கல. ரொட்டியைக் கையில வெச்சி, "இது உங்களுக்குத்தான்மா"ன்னார், அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி தூங்கிச்சு. அடுத்த ராத்திரி ஒருதரம் கூப்பிட்டுது, தண்ணி கேக்க.

அந்தத் தம்பி திரும்ப வர்றேன்னு சொல்லி அனுப்பியிருக்கு. வரட்டும். திண்ணையில உக்கார வெச்சி மோர் கொடுத்து, கௌடி கதையைச் சொல்லப்போறேன். வடக்கால ரெண்டு சர்வே நம்பருக்கு தாலுகா ஆபீஸ்ல மனு போட ஆள் வேணும், படிச்ச புள்ளயா இருக்கு, எழுதிக் கொடுக்குமான்னு கேக்கணும். பெரிம்மா ரூமுக்கு மட்டும் அனுப்ப மாட்டேன்.

நாத்தங்கால் பதிவு அடுத்த வாரம் நிச்சயம்.